பழகிப்போன மூக்கு

பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிய அன்று, தெருமுனையிலேயே மூக்கைப் பொத்தினேன். அழுகிய முட்டை வாடை. கைக்குழந்தை வீறிட்டு அழுதாள்.

"இந்த நாத்தத்துலயா இத்தனை வருஷம் சோறு தின்னோம்?" என்றேன்.

தெருவுக்குப் பின்னால் தோல் ஆலையின் கழிவுக் குட்டை. ஆலையில் ஃபிட்டரான என் வீட்டுக்காரர், "நாலு நாள்ல பழகிடும்," என்று சிரித்தார். "மகாராணி மூக்கு வந்திருக்கு, வழி விடுங்க," என்றார் மாமியார்.

எங்கள் தெருவுக்கே ஆலைதான் சோறு போடுகிறது. குட்டையைப் பற்றி வாயைத் திறந்தவரை அப்புறம் யாரும் கல்யாணத்துக்குக்கூடக் கூப்பிட்டதில்லை. எதிர்வீட்டுத் தையல்காரி ஜன்னலையே திறப்பதில்லை. கேட்டால், கொசுவாம்.

எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. வாடையை நினைத்து அல்ல, பழகிடும் என்றாரே, அதை நினைத்து. சுற்றுச்சூழல் அலுவலகத்துக்குப் போன் போட்டேன். அடுத்த வாரம் வீடு வீடாக வந்து விசாரிப்பார்களாம். அதுவரை என் மூக்கை நான் எப்படிக் காப்பாற்றுவது?

தினமும் எழுந்ததும் பின்கதவைத் திறந்து மோந்து பார்த்தேன். முதலில் குமட்டியது. பிறகு லேசாகத்தான். ஒரு காலையில் மோந்தேன், மோந்தேன், ஒன்றுமே இல்லை. குட்டை மட்டும் அதே கறுப்பு நுரையோடு கிடந்தது.

அன்று குழந்தையும் அழவில்லை. "என் பேத்தி சமத்து, பழகிட்டா," என்று மாமியார் கொஞ்சினார். வந்த மறுநாள் பிடித்த இருமல் மட்டும் அவளுக்கு நிற்கவில்லை.

அதிகாரி மூக்கில் கைக்குட்டையை அழுத்திக்கொண்டு வந்தார். "வாடையா? எனக்கு ஒண்ணும் வரலையே," என்றாள் தையல்காரி. அடுத்து என்னிடம் வந்தார். வீட்டுக்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"வாடை வருதாம்மா?"

மூச்சை இழுத்துப் பார்த்தேன். "எனக்கு வரலைங்க. அதான் பயமா இருக்கு. நீங்க அந்தக் கைக்குட்டையை எடுங்க, உங்களுக்கு வரும்."

அவர் எடுக்கவில்லை. "வரலைல்ல, அது போதும்மா," என்று கைக்குட்டைக்குள்ளிருந்தே சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார். வீட்டுக்காரர் பெருமூச்சு விட்டார்.

உள்ளே போய்ப் பையில் துணிகளைத் திணித்தேன்.

"எங்க கிளம்பிட்ட?" என்றார் வீட்டுக்காரர்.

"அக்கா வீட்டுக்கு. மூக்கைத் திரும்ப வாங்கிட்டு வரணும்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. என் தோளில் குழந்தை இருமிக்கொண்டே இருந்தாள்.