பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே

"கழட்டுங்கண்ணா, நேரமில்ல, நான் சொல்றத முழுசா..."

"முழுசாக் கேட்டுத்தானுங்க அன்னைக்குக் கையெழுத்துப் போட்டம்! நாப்பது பேரு!"

"அது வேற, இது..."

"என்னுங்க வேற? அதே கிண்ணம், அதே காடு, அதே நாப்பது பேரு!"

சுமலதா ஏணிக்குக் கீழே நின்று கத்திக்கொண்டிருந்தாள். ஏணிக்கு மேலே, ஆண்டெனாக் கிண்ணத்தின் கழுத்தை ஒட்டி, முனியசாமி நீள ஸ்பேனரை மடியில் போட்டுக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தார். இருபத்தாறு வருஷம் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டர். ஃபேக்டரி மூடின பிறகு அந்தக் கட்டிடத்தை ஒரு சின்ன விண்வெளிக் கம்பெனி எடுத்துக்கொண்டது. கூரைத் தகரம், ஜெனரேட்டர், முனியசாமி, மூன்றையும் சேர்த்தே எடுத்துக்கொண்டது. சுமலதா அங்கே தலைமை இன்ஜினியர். கீழ் கோத்தகிரிச் சரிவில் அதே எஸ்டேட் லைன் வீட்டில் பிறந்தவள்.

"அக்கா, பதினாறு நிமிஷம்!" ஜன்னலிலிருந்து விமல் கூப்பிட்டான். கம்ப்யூட்டர் பார்ப்பவன், வேலைக்கு வந்து எட்டு மாசம்.

விஷயம் இதுதான். கம்பெனியின் செயற்கைக்கோள் ஒன்று, வாஷிங் மெஷின் அளவுதான் இருக்கும், காலையிலிருந்து வாயு கசிந்து, கசிந்த வேகத்தில் தறிகெட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. அது ஏறிப் போகிற உயரத்தில் ஆறு பேர் குடியிருக்கும் விண்வெளி நிலையம் சுற்றிக்கொண்டிருந்தது. சாதாரணமாக நிலையம்தான் விலகிக்கொள்ளும். ஆனால் கசிவு நிற்காதவரை எந்தப் பக்கம் விலகினால் பிழைக்கலாம் என்று யாராலும் கணக்குப் போட முடியாது. கோளின் பெரிய வால்வை மூடச் சொல்லி இங்கிருந்து ஒரு கட்டளை போக வேண்டும். வடதுருவத்துப் பக்கம் வாடகைக்கு எடுத்திருந்த ஆண்டெனா நேற்றே படுத்துவிட்டது. இங்கே கோள் ஒரே ஒரு தடவை, பத்து ஐம்பத்தெட்டுக்கு, கிழக்கு அடிவானத்தை ஒட்டி ஐந்து நிமிஷம் எட்டிப் பார்க்கும். ஐந்து டிகிரிக்கு மேல் எழும்பாது. அடுத்த சுற்றுக்கு முன்னால் எல்லாம் முடிந்துபோயிருக்கும்.

கிண்ணமோ பன்னிரண்டு டிகிரிக்குக் கீழே குனியாது. குனியாதபடி இரும்புக் கட்டை வைத்து இரண்டு போல்ட் முறுக்கியது முனியசாமி. முறுக்கச் சொன்னது சுமலதா. கிழக்கே, வேலிக்கு அந்தப்பக்கம், ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காடு. அங்கே கொழுந்து பறிக்கிற பெண்கள், மேலே கரண்டு பாயும், கரு கலையும் என்று இரண்டு வருஷத்துக்கு முன்னால் மறித்து உட்கார்ந்தார்கள். மூன்று நாள் பேசிப் பார்த்தாள். கேட்கவில்லை. நாலாம் நாள் கட்டையைப் போட்டுக் காட்டினாள். உடனே சம்மதக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள்.

"அண்ணா, கதிர் அவங்க தலைக்கு மேலதான் போகும். ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுன்னா எதுக்குங்க கட்டை போடச் சொன்னீங்க?"

"நீங்க நம்பணும்னு."

"நம்பிட்டமுங்க. அதான் கழட்டமாட்டங்கறேன்."

"மேல ஆறு உசுரு அண்ணா!"

"கீழ நாப்பது. அதுல ஒண்ணு எம்பட பொண்டாட்டி கருப்பம்மா."

"எங்கம்மாவும் அங்கதான பறிக்குது! எங்கம்மா மேல பாய விடுவேனா?"

முனியசாமி குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உங்கம்மா ஆண்டாயி இன்னைக்கு லீவுங்க அம்மிணி. கருப்பம்மாதான் வேலைக்கு வந்திருக்கா."

அம்மா பிரஷர் மாத்திரை வாங்கக் கோத்தகிரி போயிருக்கிறாள். காலையில் அவளே பஸ் ஏற்றிவிட்டு வந்தாள். பேச்சு வேகத்தில் அது மறந்தே போயிற்று; அம்மாவை மட்டும் ஒதுக்கிவிட்டாள் என்றுதானே இந்த மனுஷன் எடுத்துக்கொள்வார்?

"பதிமூணு, அக்கா!"

போனை எடுத்துக் கருப்பம்மாளைக் கூப்பிட்டாள்.

"கருப்பம்மாக்கா, எல்லாரையும் கூட்டிக்கிட்டுக் காட்ட விட்டு வெளிய வந்துருங்க. உடனே!"

"என்னாச்சு அம்மிணி? காட்டெருமையா?"

சொன்னாள். மூச்சு வாங்கச் சொன்னாள்.

"ஆறு பேரா? மேலயேவா குடியிருக்காங்க? சோத்துக்கு என்ன பண்ணுவாங்க?"

"அக்கா!"

"வாரது எப்படி? பாதி ஆளு பள்ளத்துல கெடக்குது. மழ பேஞ்சு வழியெல்லாம் சறுக்குது. இருவது நிமிஷமாவது ஆகும்." அப்புறம் குரல் மாறிற்று. "ஏம்மிணி, அன்னைக்கு ஒண்ணும் பண்ணாதுன்னே. இன்னைக்கு ஓடுங்கறே. இங்க பிள்ளத்தாச்சி ஒருத்தி அழுவறா."

சுமலதாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்குக் கட்டை போட்டதும் இப்போது ஓடச் சொல்வதும் ஒரே தப்பு. ஆபத்தில்லை என்று வாய் சொல்ல, ஆபத்து என்று கை காட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

"யாரும் ஓட வேணாம்க்கா. அங்கயே நில்லுங்க. நான் வாரேன்."

ஜன்னலுக்குப் போனாள். "விமல், கட்டளைய நீயே அனுப்பு."

"நானா? அக்கா, நான் தனியா அனுப்புனதே இல்ல!"

"மூணு தடவ அனுப்பு. பதில் வரலைன்னா நாலு. லைன்லயே இரு." ஏணியைப் பார்த்துத் திரும்பினாள். "அண்ணா, நான் கருப்பம்மாக்கா பக்கத்துல போய் நிக்கறேன். அவங்க சொன்னா மட்டும் கழட்டுங்க. நான் சொல்லி வேணாம்."

"அவ வேண்டாம்னுட்டா?"

"வேணாம்னா வேணாம்."

பதிலுக்கு நிற்கவில்லை. வேலிக் கம்பியில் துப்பட்டா மாட்டிக்கொண்டது. இழுத்த இழுப்பில் பாதி அங்கேயே தங்கிவிட்டது. ஈரத் தேயிலைச் செடிகள் இடுப்பில் அறைந்தன. இரண்டு தடவை விழுந்தாள், இரண்டாவது தடவை முழங்கை கிழிந்தது. பள்ளத்துக்கு மேலே இருந்த பெண்கள் கொழுந்து வெட்டும் கத்திரியைக் கையில் பிடித்தபடி ஒரே கும்பலாக நின்றிருந்தார்கள். அழுதவள் சுகுணா, ஆறு மாசம்.

"ஏழு நிமிஷம், அக்கா," காதில் விமல்.

"அக்கா, அன்னைக்கு நான் பேசிப் புரிய வெச்சிருக்கணும். முடியாமக் கட்டையைப் போட்டேன். அது என் தப்பு," என்றாள் சுமலதா. "இதுல ஒண்ணும் இல்ல. இருந்தா முதல்ல எனக்குத்தான். நான் இங்கயே, சுகுணாவுக்கு முன்னாடி நிக்கறேன். நாப்பது பேரையும் கேக்க நேரமில்ல. உங்களக் கேக்கறேன்."

"நான் யாரு சொல்றதுக்கு?"

"உங்க வீட்டுக்காரர் கட்டையக் கழட்டறதுக்கு உங்க பேச்சத்தான் கேப்பாரு."

"இருவத்தெட்டு வருஷமாக் கேக்காத மனுஷன், இன்னைக்குத்தானா கேக்கோணும்!"

யாரோ சிரித்தார்கள். சிரித்தது யாரென்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாலு, அக்கா. கிண்ணம் இன்னும் மேலதான் இருக்கு."

கருப்பம்மாள் சுகுணாவைப் பார்த்தாள். சுகுணா கண்ணைத் துடைத்துக்கொண்டு சுமலதாவின் முதுகுக்குப் பின்னால் வந்து ஒட்டி நின்றாள்.

"ஏனுங்க!" கருப்பம்மாளின் குரல் சரிவு முழுக்க ஏறிப் போயிற்று. "கழட்டித் தொலைங்க!"

மேலே ஸ்பேனர் இரும்பில் விழுந்தது. ஒரு போல்ட் வந்துவிட்டது. மற்றது மழையில் துரு ஏறிக் கிடந்தது. சுத்தியல் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது.

"ஒரு நிமிஷம்! அக்கா, அண்ணன் கை நழுவுது!"

"நீ ஸ்கிரீனப் பாரு!"

கடகடவென்று ஏதோ உருண்டு விழுந்தது. கிண்ணம் மெல்ல, மெல்ல, அவர்கள் பக்கம் குனிந்தது. அதன் முழு வாயும் தெரிந்தது. ஒரு கத்திரியும் அசையவில்லை. தன் முதுகில் சுகுணாவின் வயிறு மூச்சோடு முட்டுவது சுமலதாவுக்குத் தெரிந்தது.

"அனுப்பிட்டேன்... பதில் இல்ல. ரெண்டாவது போச்சு... இல்ல அக்கா."

"அவசரப்படாத. மூணாவது."

"மூணு... இல்ல. அக்கா, கோள் கீழ எறங்குது, போகப் போகுது..."

"இன்னொண்ணு, விமல்."

யாரோ சாமி பேரைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"வால்வு..." விமல் கத்தினான். "வால்வு மூடிருச்சுக்கா! கசிவு நின்னுருச்சு! கோள் போற பாதைய நிலையத்துக்கு அனுப்பிட்டேன். விலகிக்கறாங்களாம், ஒரு மணி நேரம் இருக்காம், தாராளமாப் போதுமாம்!"

சுமலதா அப்படியே செடி மேல் சாய்ந்தாள். "பொழைச்சாங்க," என்றாள். "ஆறு பேரும்."

யாரும் கை தட்டவில்லை. சுகுணா வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். ஒருத்தி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கருப்பம்மாள் சுமலதாவின் முழங்கையில் வழிந்த ரத்தத்தைத் தன் முந்தானையால் துடைத்துவிட்டாள். துடைத்த கையை எடுக்காமலே கேட்டாள்.

"அவங்க பொழைச்சது சந்தோசம் அம்மிணி. நாளைக்கு நாங்க இந்தக் காட்டுல கால் வெக்கலாமா, வேண்டாமா?"