உயிருள்ளவர்களுக்கு மட்டும்

முத்தாவயல்காரர்களுக்கு வாய் நீளம் என்று காரைக்குடிச் சந்தையிலேயே பேச்சு உண்டு. தொண்ணூற்றாறாம் வருஷம் அந்த வாய்க்கு ஒரு வண்டி இரையானது.

பழைய மெட்டடோர் வேன் அது. சிங்கப்பூரில் இருந்த ஊர்க்காரர் ஒருவர் மனசு வந்து வாங்கிக் கொடுத்தார். மாதா கோயில் முதலுதவிக் குழுவினர் சேர்ந்து பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, நோயாளி படுக்க ஒரு பெஞ்சும் கூட வருகிறவர் உட்கார ஒரு பலகையும் அடித்தார்கள். வெள்ளைப் பெயிண்ட் அடித்து இரண்டு பக்கமும் சிவப்பில் சிலுவை வரைந்தார்கள். ஃபோன் போட்டால் ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும் காலமெல்லாம் அப்போது யார் கனவிலும் இல்லை. ஒருவனுக்கு நெஞ்சு வலித்தால் பஸ்ஸுக்கு நிற்க வேண்டும். பஸ் வருகிறவரை நெஞ்சும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

வண்டி ஓட்டியது சகாய ஆண்டனி. வருஷக்கணக்கில் லாரி ஓட்டிச் சலித்து, ஊரோடு வந்து பட்டறை வைத்திருந்தவன். சம்பளம் கிடையாது. குழுவில் யாருக்குமே கிடையாது. குழுவை நடத்தியவர் யூஜினியா டீச்சர். நர்ஸுக்குப் பாதி படித்துவிட்டுப் பள்ளிக்கூடத்துக்கு வந்தவர். எலும்பு முறிந்தால் பனைமட்டை வைத்துக் கட்டுவது, பாம்பு கடித்தால் கீறாமல் ஆட்டாமல் கொண்டுபோவது எல்லாம் அவர் சொல்லிக் கொடுத்துத்தான் ஊருக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் ஒத்திகை நடக்கும். நோயாளியாகப் படுப்பவள் ஆண்டனியின் தங்கை மரிய அனிதா. உள்ளூரிலேயே ஆன்றோவுக்கு வாழ்க்கைப்பட்டவள். பெஞ்சில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு செம்பு நிறையத் தண்ணீரை வைத்துக்கொள்வாள். அமராவதிபுதூர் வரை போய்த் திரும்புவதற்குள் தண்ணீர் சிந்தினால் ஆண்டனி தோற்றான்.

"அண்ணே, பள்ளம்!" என்று படுத்தபடியே கத்துவாள்.

"நோயாளி பேசக் கூடாதுடி" என்பார் டீச்சர்.

"பேசலைன்னா ஒங்க டிரைவர் என்னையக் கொன்னுருவாரு டீச்சர்."

அந்த ரோட்டின் பள்ளம் ஒவ்வொன்றும் ஆண்டனிக்கு மனப்பாடமானது அவளால்தான்.

குழுவுக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. வண்டி உயிருள்ளவர்களுக்கு மட்டும். "ஒரு பொணத்தை ஏத்திட்டம்னா அப்புறம் உசிரோட ஒருத்தரும் இதுல ஏற மாட்டாக. நம்ம ஆளுகளை எனக்குத் தெரியும்" என்று டீச்சர் முதல் நாளே சொல்லிவிட்டார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஆண்டனியும்தான் ஆட்டினான்.

சில மாதம் வண்டி நன்றாகவே ஓடியது. பிரசவம், தேள்கடி, கிணற்றுமேட்டில் விழுந்தவன் என்று போனவர்கள் எல்லாரும் அதிலேயே திரும்பியும் வந்தார்கள்.

பிறகு ஒரு காலையில் சோலையம்மாள் பட்டறை வாசலில் வந்து நின்றாள். புளி ஆய்ந்தும் களையெடுத்தும் ஒற்றை மகனை வளர்த்து ஆளாக்கியவள். அந்த மகன் பாண்டிமுருகன் சிங்கம்புணரியில் லோடு ஏற்றும்போது லாரியிலிருந்து விழுந்து, மதுரை பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்து செத்துப்போனான். அவனை அங்கேயே விட்டுவிட்டு முதல் பஸ்ஸில் ஏறி வந்திருந்தாள். கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் இல்லை.

"டாக்ஸிக்காரவுக உள்ள வைக்க மாட்டாகளாம் தம்பி. பாயில சுருட்டி மேல கேரியர்ல கயிறு போட்டுக் கட்டித்தான் கொண்டாருவாகளாம்." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "அவன் மூட்டை தூக்கித்தான் செத்தான். மூட்டையா வீட்டுக்கு வர வேணாம். நீங்க வாரீகளா?"

ஆண்டனி கையைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்தான். டீச்சரிடம் கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார், அவர் சொல்வதுதான் நியாயம் என்றும் அவனுக்குத் தெரியும். தெரிந்தும் போனான். நெஞ்சில் ஈரம் உள்ள எவனும் போயிருப்பான்.

சாயங்காலம் பாண்டிமுருகனை அவன் வீட்டில் இறக்கிவிட்டு வரும்போது டீச்சர் கோயில் வாசலில் நின்றிருந்தார்.

"நீ செஞ்சது தப்புன்னு சொல்ல எனக்கு நாக்கு வரல ஆண்டனி. ஆனா நம்ம வண்டி போச்சு" என்றார்.

அப்படியே ஆயிற்று. மறுவாரம் ஏகப்பன் தென்னை மரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், "பொணவண்டியில ஏறுறதுக்கு நொண்டியாவே இருந்துட்டுப் போறேன்" என்று சொல்லி, ஒரு டி.வி.எஸ். ஐம்பதின் பின்னால் காலை நீட்டிக்கொண்டு ஊர் சிரிக்கப் போனார். சொன்ன சொல் தவறாத மனுஷர், இன்றுவரை நொண்டித்தான் நடக்கிறார். காய்ச்சல்காரர்கள் பஸ்ஸுக்கு நின்றார்கள். பிள்ளைகள் வண்டியைக் கண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடின.

பங்குச் சாமியார் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். அது மாதா கோயில்காரர்களுக்குத்தானே என்று மற்றவர்கள் பூசணிக்காய் உடைத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழமும் நசுக்கினார்கள். ஆண்டனி கைக்காசைப் போட்டு வண்டிக்கு நீலப் பெயிண்ட் அடித்தான். ஊர் என்ன சொன்னது தெரியுமா? "நீலப் பொணவண்டி" என்றது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

ஆவணியில் அனிதாவுக்கு எட்டாம் மாசம். ஒரு மதியம், சாப்பிட்டுக் கை கழுவ எழுந்தவளுக்கு இரத்தம் கண்டு, நிற்கவேயில்லை. டீச்சர் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு, "ஒரு நிமிஷம் நிக்கக் கூடாது. இப்பவே காரைக்குடிக்குக் கெளம்பணும்" என்றார். அதற்குள் ஆண்டனி வண்டியை வாசலில் கொண்டுவந்து உறுமவிட்டிருந்தான்.

ஆன்றோவின் தாய் சவரியம்மாள் நிலைப்படியில் கையை விரித்துக்கொண்டு நின்றாள். கெட்டவள் அல்ல. மருமகளுக்குத் தினமும் பால் காய்ச்சிக் கொடுத்தவள்தான்.

"மாசமா இருக்கிறவளைப் பொணம் போன வண்டியில ஏத்தவா? ரெண்டு உசிரு ஆண்டனி. காருக்குச் சொல்லிவிட்டிருக்கு, இந்தா வந்துரும்."

"அத்தை, கார் வாரதுக்குள்ள எதுவும் நடக்கலாம். வழியை விடுங்க."

ஆன்றோ தாயின் முகத்தையும் மச்சான் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு, ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நின்றான். ஆண்டனி சவரியம்மாளை விலக்கிக்கொண்டு உள்ளே போனான். அனிதா பாயில் வெளிறிக் கிடந்தாள்.

"பாப்பா, எந்திரி. நம்ம வண்டிதான. நீ படுத்துச் சிரிச்ச பெஞ்சுதான."

அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். விரல் சில்லிட்டிருந்தது. "வேணாம்ணே. பயமா இருக்கு. செத்தவன் படுத்த எடத்துல என்னையப் படுக்க வைக்காத. கார் வரட்டும்."

சவரியம்மாளோடு மல்லுக்கட்ட அவனுக்குத் தெம்பு இருந்தது. ஊரோடு மல்லுக்கட்டவும் இருந்தது. இந்தக் குரலோடு மல்லுக்கட்டத் தெரியவில்லை. அப்படியே வாரித் தூக்கியிருக்கலாம், சின்ன உடம்புதான். தூக்கவில்லை. அவள் கையைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்துவிட்டான். அன்றைக்கு முகூர்த்த நாள். சுத்துப்பட்டிலுள்ள கார் எல்லாம் கல்யாணத்துக்குப் போயிருந்தன. கடைசியில் ஒன்று வந்தது, முகப்பில் மாப்பிள்ளை அழைப்புக்குக் கட்டிய பூச்சரம் வாடித் தொங்க. வெயில் அப்போது சாய்ந்துவிட்டது.

காரின் பின்னாலேயே ஆண்டனி தன் வண்டியைக் காலியாக ஓட்டிக்கொண்டு போனான். ஏன் போகிறோம் என்று அவனுக்கே தெரியாது. காரைக்குடி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா அனிதாவின் கண்ணை விரித்துப் பார்த்துவிட்டு, "வழியிலேயே முடிஞ்சிருக்கு, குழந்தையும் இல்லை" என்றார்.

கார்க்காரன், "நாளைக்கும் கல்யாண ஓட்டம் இருக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டான். ஆன்றோ வந்து முன்னால் நின்றான். "மச்சான்..." என்றான். பிறகு வேனைப் பார்த்தான்.

ஆண்டனி பின்கதவைத் திறந்தான். உயிரோடு ஏறக் கூடாத வண்டியில் பிணமாக ஏற அன்றைக்கு யாரும் தடை சொல்லவில்லை. செம்பை வயிற்றில் வைத்துக்கொண்டு கிடந்த அதே பெஞ்சில் அனிதா கிடந்தாள். ஆண்டனி ஒவ்வொரு பள்ளமாக ஒதுக்கி ஒதுக்கி ஓட்டினான்.

"வெரசாப் போங்க மச்சான். இனி என்ன இருக்கு?" என்றான் ஆன்றோ பலகையிலிருந்து.

ஆண்டனிக்கு அந்த ரோட்டில் வேறு மாதிரி ஓட்டத் தெரியாது.

அடக்கம் முடிந்ததும் ஆண்டனி சாவியை டீச்சர் வீட்டு மேஜையில் வைத்தான். "வித்துருங்க." டீச்சர் சாவியை எடுத்து உள்ளே வைத்தார். அதை யார் வாங்குவார்கள்? கோயில் பக்கத்து வேம்படியில் வண்டி நின்றது. மேலெல்லாம் இலை உதிர்ந்து கிடந்தது. அந்த வழியாகப் போவதையே ஆண்டனி விட்டுவிட்டான்.

அனிதாவின் முப்பதாம் நாள் பூசைக்குக் கோயிலுக்கு வந்தபோதுதான் பார்த்தான். வண்டியின் பின்கதவு விரியத் திறந்திருந்தது. பெஞ்சில் சோலையம்மாள் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு சாக்குப் புளி, முன்னால் முறம். புளியை உடைத்துக் கொட்டையை ஒருபக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"என்னக்கா பண்றீக?"

"பாத்தாத் தெரியலையா? டீச்சர்ட்ட சாவி கேட்டேன், குடுத்தாக."

"இங்க வந்தா ஆயணும்?"

அவள் புளியைக் கீழே வைத்தாள். "எம் மகன் படுத்த எடம்னுதான ஒங்க தங்கச்சி ஏற மாட்டேன்னுச்சு? அவனைக் கேரியர்லயே கட்டிக் கொண்டாரட்டும்னு நான் விட்டிருக்கணும் தம்பி. எனக்குத் தோணலையே. பெத்த வயிறு, தோணலையே."

"அப்படிச் சொல்லாதீகக்கா" என்றான்.

"உசிரோட ஒரு ஆளு இதுல உக்காந்து சோறு திங்கிறதை ஊரு பாக்கட்டும். நாளைக்கும் வருவேன். நீங்க வண்டியை ஒரு மட்டம் முடுக்கி விடுங்க, செத்தது மாதிரிக் கெடக்கு."

தினமும் வந்தாள். அங்கேயே புளி ஆய்ந்தாள், அங்கேயே கஞ்சியைக் குடித்தாள், அங்கேயே தலைசாய்த்துத் தூங்கினாள். மகன் போன துக்கத்தில் புத்தி பிசகிவிட்டது என்றது ஊர். வறுத்த புளியங்கொட்டைக்கு ஆசைப்பட்டுப் பிள்ளைகள் ஏறின. தாய்மார் காதைப் பிடித்துத் திருகி இறக்கினார்கள். மறுநாளும் ஏறின. பெரியவர்கள் மட்டும் தள்ளி நின்றே பார்த்தார்கள். ஆண்டனி காலையில் வந்து எஞ்சினை முடுக்கிவிட்டு, அவளிடம் ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போவான். அவன் அழாமல் பேசியது அந்த நாட்களில் அவளிடம்தான்.

கார்த்திகையில் வரப்பில் புல்லறுத்துக்கொண்டிருந்த சவரியம்மாளை விரியன் கடித்தது. ஆன்றோ தாயைத் தோளில் போட்டுக்கொண்டு வயல் வழியாக ஓடி வந்து, வேம்படியில் மூச்சு வாங்கி நின்றான். எஞ்சினை முடுக்க வந்த ஆண்டனி அங்கேதான் நின்றான். சோலையம்மாள் சாக்கைக் காலால் தள்ளிவிட்டு, "இங்குட்டுப் படுக்க வை. நான் கூட வாரேன்" என்றாள். சவரியம்மாள் பெஞ்சைப் பார்த்தாள், பிறகு கண்ணை மூடிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆண்டனி ஓட்டினான். வெறுப்பு இல்லையா என்றால், இருந்தது. நிலைப்படியில் விரித்த அந்தக் கைகள் கண்ணாடியில் தெரிவது மாதிரியே இருந்தது. ஆனால் வண்டியைப் பிடித்த கைக்கு வெறுப்புத் தெரியாது. அது தானாகப் பள்ளத்தை ஒதுக்கியது. மழை பெய்து புதிதாக விழுந்த ஒன்று மட்டும் அவன் கணக்கில் இல்லை.

"தம்பி, பள்ளம்!" என்று பின்னாலிருந்து கத்தினாள் சோலையம்மாள், கடிபட்ட காலை ஆடாமல் பிடித்தபடி.

ஆண்டனிக்கு ரோடு மறைந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியை ஒடித்துத் திருப்பினான்.

நேரத்துக்கு ஊசி போட்டதால் சவரியம்மாள் பிழைத்துக்கொண்டாள். வீட்டுக்குக் கூட்டிவர அவளுக்குத் துணையாகச் சோலையம்மாளும் போயிருந்தாள். வரும்போது சவரியம்மாள் படுக்கவில்லை, பெஞ்சில் உட்கார்ந்து வந்தாள். அமராவதிபுதூர் தாண்டியதும் கூரையைப் பார்த்தாள், சன்னலைப் பார்த்தாள், உட்கார்ந்திருந்த பெஞ்சை உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள்.

"ஆண்டனி" என்றாள். "இதுல ஒண்ணுமே இல்லையேப்பா. வெறும் வண்டிதான."

ஆண்டனி வண்டியை ஓரத்தில் நிறுத்தினான். கொஞ்ச நேரம் ஸ்டியரிங்கிலேயே நெற்றியை வைத்துக்கொண்டிருந்தான்.

"ஆமாத்தை" என்றான். "வெறும் வண்டிதான்."

பின்னால் அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுவது கேட்டது. சோலையம்மாள் தேற்றவில்லை, அழட்டும் என்று விட்டுவிட்டாள்.