தொப்பை அளவு

முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டார். "தினமும் அரை மணி நேரம் சமதரையில நடக்கணும். ரெண்டு மாசம் சும்மா இருந்தா கால் இப்படியே இறுகிடும்."

சொல்வது சுலபம். எங்கள் வீட்டில் அடுப்பிலிருந்து எதிர்ச்சுவர் வரை என் நடையில் பதினோரு அடி. பன்னிரண்டாவது அடிக்குச் சுவர் வந்துவிடும். தெருவில் கால் வைக்க வண்டிகள் விடாது. மிச்சமிருப்பது தெருக்கோடிப் பூங்கா ஒன்றுதான்.

வாக்கரை ஊன்றிக்கொண்டு, என் வீட்டுக்காரர் கூடவே வர, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் இடமும் வலமுமாக வளைந்து போகும் இரும்புத் தடுப்பு. முதல் வளைவிலேயே வாக்கர் சிக்கிக்கொண்டது.

"எந்தப் புண்ணியவான் செஞ்ச வேலை இது?" என்று கத்தினேன்.

முப்பது வருஷமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் மனுஷன் இரும்பைப் பார்த்து வாயே திறக்காமல் நின்றால் எனக்குப் புரியாதா?

"பைக்கெல்லாம் உள்ள வருதுன்னு போன வருஷம் போடச் சொன்னாங்க," என்று முனகினார்.

"அளவு எப்படி எடுத்தீங்க?"

"நானே நின்னு பார்த்தேன். என் தொப்பை நுழைஞ்சா யார் வேணா நுழையலாம்னு..."

ஆத்திரமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அவருடைய அளவு டேப் என்றைக்கும் தொலைந்தே கிடக்கும். எங்கள் வீட்டுக் கேட்டும் தொப்பை அளவுதான்.

அப்போது பின்னால் ஒரு சக்கர நாற்காலி வந்து நின்றது. அதில் பத்து வயதுப் பெண். தள்ளி வந்த அவள் அம்மா சிரித்தாள்.

"முன்னெல்லாம் உள்ள போய்ப் பந்து விளையாடுவாக்கா. ஒரு வருஷமா இங்கயே நின்னு வேடிக்கை பார்த்துட்டுப் போயிடுறோம்."

குறையாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. என் வீட்டுக்காரர் தலை நிமிரவே இல்லை.

மறுநாள் புது டேப் வாங்கி வந்தார். என் வாக்கரை அளந்தார். அந்தப் பெண்ணின் நாற்காலியை, பட்டறையில் நின்ற பைக்கின் ஹேண்டில்பாரை, எல்லாவற்றையும் அளந்தார். பூங்கா அலுவலகத்தில், "பைக் நுழையாதுன்னு எழுதித் தருவீங்களா?" என்று கேட்டார்களாம். எழுதிக் கொடுத்துவிட்டு, வளைவை அறுத்து நேர் வழியாக்கினார். கீழே நல்ல அகலம். ஹேண்டில்பார் உயரத்தில் மட்டும் இருபுறமும் கம்பி நெருங்கி வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை, பெயின்ட் காய்ந்ததும் போனோம். அந்தப் பெண் முதலில் போகட்டும் என்று நான் ஒதுங்கி நின்றேன். எதிலும் இடிக்காமல் உள்ளே போனவள், திரும்பி அம்மாவிடம் பந்தைக் கேட்டாள். அடுத்து நான். கடைசியாக, கம்பியில் தொப்பை உரச அவர்.

"இனிமே நீங்களும் தினம் நடக்கணும்," என்றேன்.

பக்கத்திலேயே என் அடிகளை எண்ணிக்கொண்டு வந்தார். பதினொன்று என்றதும் என் கால் தானாக நின்றுவிட்டது.

"என்னம்மா, வலிக்குதா?"

"இல்லைங்க."

பன்னிரண்டாவது அடியை எடுத்து வைத்தேன். பாதை இன்னும் போய்க்கொண்டே இருந்தது.