பன்றி முதுகும் ஆன்சனின் பாரும்

மாதம் ஐப்பசியா கார்த்திகையா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. பிஜு என்ற படகுக்காரன் நின்ற இடம்கூட நான் நினைக்கிற இடமாக இல்லாமல் இருக்கலாம். ஆன்சன் போட்ட சத்தம் மட்டும் நிச்சயம்.

நீதுவுக்கு அயர்லாந்தில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. விழிஞ்ஞத்தில் படகு ஓட்டும் அவள் புருஷன் ஆன்சன் கூட வர மறுத்தான். காரணம், அவன் அப்பா காட்டித் தந்த ஒரு பார். கடலுக்கடியில் மீன் அடையும் பாறை. கரையில் எந்த மலை எந்தக் கோபுரத்துக்கு நேரே வந்தால் பாரின் தலைமேல் நிற்கிறோம் என்ற கணக்குக்குக் கணிச்சம் என்று பெயர். அதைப் பெண்டாட்டியிடம்கூடச் சொல்லமாட்டார்கள். ஆன்சனும் சொன்னதில்லை. அந்தப் பாரை விட்டு எப்படிப் போவது?

அன்று காலை துறைமுகத்தில் வலை பார்த்துக்கொண்டிருந்தவனிடம் நீது போனை நீட்டினாள்.

"நான் போற ஊருப் பக்கத்து மலை. மக்கிஷ்னு பேரு. ஐரிஷ் பாஷையில பன்னி முதுகாம்."

ஆன்சன் படத்தைப் பார்த்தான். விரலால் பெரிதாக்கினான். பிறகு துள்ளி எழுந்தான்.

"பன்னியேதான்! பிள்ளே, இது கடல்ல நிண்ணு பாத்தவன் வெச்ச பேரு."

"நீங்க போயி கண்டீங்களாக்கும்!"

"வேற சொல்லு, வேற சொல்லு."

"இந்தக் கூம்பு மலைக்கு எரிகல்னு பேரு. ஜெப வீடுன்னு அர்த்தம். அந்த நாட்டுலயே ஒசந்த மலைக்கு அரிவாள்னு பேரு."

"அவனுவளும் நம்ம ஆளுவதான் கேட்டியா! நாம நம்ம மலை ஒண்ண கிழவிக்கூனுன்னு சொல்லலியா? எந்த மேப்புல இருக்கு அது? அந்தக் கிழவி பள்ளிவாசல் மினாரு மேல ஏறி ஒக்காரணும், தெக்கே மொட்டப்பாறை லைட்ஹவுசுக்கு வலத்தால வரணும், அப்பம் நங்கூரத்த..."

நீது பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். அடுத்த படகில் வலை மடித்துக்கொண்டிருந்த பிஜுவின் கை அதற்குள் நின்றுவிட்டது.

"அண்ணே, மினாருக்கு நேர் மேலயா, கொஞ்சம் இடத்தாலயா?"

மறுநாள் விடியும்போது அந்தப் பாரின் மேல் ஏழு படகுகள் நின்றன. ஆன்சன் எட்டாவதாகப் போய்ச் சேர்ந்தான். நங்கூரம் போடவில்லை. கரைக்குத் திரும்பி நீதுவிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"அந்த எரிகல் கடல்ல இருந்து பாத்தா தெரியுமா?"

நீது ஏப்ரலில் போனாள். ஆன்சன் டிசம்பரில் போனான்; அங்கே மீன் வெட்டும் ஆலை ஒன்றில் வேலை செய்கிறான். அவன் படகைத் தம்பி திரவியம் ஓட்டுகிறான். பிஜு கல்யாணம் செய்துகொண்டு குளச்சலில் இருக்கிறான்.