டெலெட்டார் திரும்பி வந்த வழி

விடிந்து, வீடு திரும்பக் கிள்ளான் ரயிலில் ஏறிய பிறகும் பிரவினின் காதுக்குள் யாரோ போர்த்துக்கீசியத்தில் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள். பிரேசில்காரர்கள் கேட்டால் அவர்களுடைய இணையக் கணக்குகளை அழித்துக் கொடுப்பது அவன் வேலை. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஆபீஸ். அவர்களுக்குப் பகல், அவனுக்கு இரவு.

கூட வேலை செய்யும் உஷாராணி பக்கத்தில் கொட்டாவி விட்டாள். "அழிக்கிறதுக்குப் போர்த்துக்கீசியத்துல டெலெட்டார்னு சொல்லாதேன்னு ட்ரெய்னர் திட்டுறார் லா. இங்கிலீஷ் டிலீட்டுக்கு வால் ஒட்டினதாம்."

"டிலீட்டே லத்தீன்தான். டெலேரே. போர்த்துக்கீசியமும் லத்தீன் பெத்த பிள்ளை. அதுக்கும் சொந்தமா 'டெலிர்'னு ஒண்ணு இருந்துச்சு, அழிக்கிறதுன்னு. இப்ப யாரும் சொல்றதில்ல. அதே குடும்பத்துப் பிள்ளை இங்கிலீஷ்ல வளர்ந்து, கம்ப்யூட்டரோட வீட்டுக்கு வந்து நிக்குது. வெளியாளுங்கறாங்க."

"யூனிவர்சிட்டிய விட்டு ஓடினவன் பேச்சப் பாரு!"

அவன் கண்ணை மூடினான். தண்டவாள ஓரம் சொற்கள் நனைந்த சட்டையோடு நடந்து வந்தன. தங்களுடையது எந்த வீடு என்று அவற்றுக்கே தெரியவில்லை. ஷா ஆலாம் ஸ்டேஷன் மிதந்து போனது.

வீட்டில் அம்மா வீரம்மா போனோடு உட்கார்ந்திருந்தாள். அப்பா தம்புசாமி போன வருஷம் இறந்துவிட்டார். இருந்தும் தினம் காலையில் அவர் நம்பருக்கு வாட்ஸாப்பில் ஒரு பூப்படம் அனுப்புவாள். ஒற்றைச் சாம்பல் டிக் விழும். அது அவளுக்குப் போதும். நம்பர் சாகாமல் பணம் கட்டி ரீலோட் போடுவது பிரவின் பொறுப்பு.

இன்று இரண்டு நீல டிக். கீழே மலாயில் ஒரு காலை வணக்கம்: 'செலாமாட் பாகி. யார் இது?'

அவனுக்குப் புரிந்துவிட்டது. "ரீலோட் போட மறந்துட்டேன்மா. கம்பெனிக்காரன் நம்பர வேற ஆளுக்கு வித்துட்டான். குடு, அழிச்சிடறேன்."

"அழிச்சா உங்கப்பா எங்கடா போவாரு?"

சுற்றிக்கொண்டு எங்கிருந்தாவது வருவார் என்று சொல்ல வாயெடுத்தான். பொய். சொல் திரும்பி வரும், ஆள் வரமாட்டார்.

"அவரு ஏற்கனவே போயிட்டாரும்மா."

"எனக்குத் தெரியாதா? காலையில எழுந்து நான் யாருக்குடா அனுப்புறது?"

அவன் விரல் திரையின் மேலேயே நின்றது. ஒரு ராத்திரியில் எத்தனையோ பேரை அழிக்கிற விரல்.

"எழுது," என்றாள் அம்மா. "இது என் புருஷன் நம்பர். நாளைக்கும் படம் வரும், கோவிச்சுக்காதேன்னு."

மலாயில் அடித்து அனுப்பினான். வெகுநேரம் ஒன்றுமில்லை. தேநீரில் ஆடை படிந்தது. பிறகு பதில் வந்தது: 'போலே, மாச்சிக். நான் லோரி ஓட்டுறேன், லேட்டாத்தான் பார்ப்பேன்.'

"என்னடா சொல்றான்?"

"சரிங்கறான், ஆன்டின்னு கூப்பிடுறான்."

"பேரு கேளு," என்றாள் அம்மா. "போன்ல உங்கப்பா பேருக்குப் பக்கத்துல போட்டு வை."