வேலைக்காரர் இல்லாத ஓட்டல்

ஓட்டல் வேலைக்காரர்களுக்கு இன்ன தொகைக்குக் குறைவாகக் கூலி கொடுக்கவே கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டதும் முதலாளிக்கு மூளை வேலை செய்தது. வேலைக்காரனே இல்லையென்றால் யாருக்குக் கொடுப்பதாம் கூலி?

தொழிலாளர் துறை இன்ஸ்பெக்டரின் ஜீப் தெருமுனையில் திரும்பியதுமே தன்னிடம் வேலை பார்க்கும் மூன்று பேரையும் இழுத்துவந்து ஜன்னலோர மேசையில் உட்காரவைத்தார். ஒருவர் சமையல் மாஸ்டர். இன்னொருவன் பரிமாறும் மின்னல்; மேசைக்குத் தண்ணீர் கொண்டுவர அவன் எடுத்துக்கொள்ளும் அரைமணி நேரத்தைப் பார்த்துக் கிண்டலாக வைத்த பேர். மூன்றாவது, பாத்திரம் கழுவும் அக்கா.

"நீங்கல்லாம் கஸ்டமர். வேலை பாக்குறோம்னு எவனாவது வாயத் தொறந்தா, நாளைக்கு இந்தப் பக்கமே வரக்கூடாது."

அக்காவுக்கு வயிறு எரிந்தது. போன சோதனையின்போது அவளை மாவு மூட்டைக்குப் பின்னால் ஒளித்திருந்தார்கள். இந்தத் தடவையாவது தன் பேர் பதிவாகும், சட்டக் கூலி கிடைக்கும் என்று ஆசையாகக் காத்திருந்தாள். சோடாத்தூள் தின்ற விரல்களை மேசைக்கடியில் மறைத்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்ததே இல்லை. துடைத்ததோடு சரி.

"ஆளுங்க எங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நான் ஒண்டிக்கட்டை சார். சமைக்கிறது, பரிமாறுறது, கழுவுறது, எல்லாம் நானேதான்."

"அப்படியா? சரி, ஒரு சூப் குடுங்க."

முதலாளி உள்ளே ஓடினார். உப்பு எங்கே இருக்கிறதென்றுகூட அவருக்குத் தெரியாது. சூப் இன்ஸ்பெக்டருக்கும், சந்தேகம் வராமலிருக்க ஜன்னலோர மேசைக்கும் வந்தது.

மாஸ்டர் ஒரு வாய் குடித்து முகம் சுளித்தார். "என்ன இது, பாத்திரம் கழுவின தண்ணியா?"

"என் தண்ணி இதவிடக் கெட்டியா இருக்கும்ணே," என்று கிசுகிசுத்தாள் அக்கா. அப்போதுதான் அவளுக்குச் சட்டென்று உறைத்தது. வேலைக்காரிதானே வாய் திறக்கக் கூடாது? கஸ்டமருக்கு என்ன தடை?

"யோவ்! தட்டுல முட்டை ஒட்டியிருக்கு. எவன்யா கழுவினது? வேற கொண்டா!"

"இதோ... மேடம்." முதலாளியின் பல் நறநறத்தது.

"தண்ணி கேட்டு எவ்ளோ நேரம்? தூங்கிட்டியா?" என்றான் மின்னல், கொஞ்சமும் வெட்கமில்லாமல்.

முதலாளி அடுப்புக்கும் மேசைக்குமாக நாய் படாத பாடு பட்டார். பார்த்துக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டருக்குக் கண் கலங்கிவிட்டது.

"அடப்பாவமே! ஒரு மனுஷன்கிட்ட மூணு பேர் வேலைய வாங்குறானே! யாருய்யா உங்க முதலாளி? கேஸ் போடுறேன்."

"நான்தான் சார்."

"பயப்படாம சொல்லுங்க. மிரட்டி வெச்சிருக்கானா?"

"என்னை நானே எப்படி சார்..."

"பாவம், புத்தி பேதலிச்சுப்போச்சு. ஒரு ஆள் மூணு வேலை பாக்கக் கூடாது. இப்பவே மூணு பேரப் போடணும், இல்லேன்னா கடைக்கு சீல்தான்." இன்ஸ்பெக்டர் திரும்பினார். "இங்க யாருக்காவது வேலை வேணுமா?"

முதலில் உயர்ந்தது அக்காவின் கைதான். வெடித்த விரல்கள் ஊருக்கே தெரியட்டும்.

"முன்அனுபவம்?"

"ஏது சார்! அந்தம்மா சோப்பையே பாத்திருக்க மாட்டாங்க," என்று முந்திக்கொண்டார் முதலாளி. மற்ற இருவருக்கும் அதே சான்றிதழ். அனுபவம் இல்லாதவர்களுக்குப் பயிற்சிக் கூலி. இருப்பதிலேயே கடைசிப் படி. அவர் முகம் மலர்ந்தது.

இன்ஸ்பெக்டர் பேர்களை எழுதிக்கொண்டு தொகையை வாசித்தார். இத்தனை வருஷமாக அக்கா வாங்கிவந்ததைப் போல அது இரண்டு மடங்கு. மலர்ந்த முகம் அப்படியே வாடிப்போனது.

"இன்னொண்ணு," என்று எழுந்தார் இன்ஸ்பெக்டர். "பயிற்சி ஆளுக்கு, அந்த வேலை பாக்குறவர்தான் செஞ்சு காட்டணும். ஆறு மாசம். இங்க கழுவுறது நீங்கதானே? நான் அடிக்கடி வந்து பாப்பேன்."

ஜீப் போனது. பின்கட்டில் தட்டுகள் மலையாகக் குவிந்திருந்தன. அக்கா ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"சொல்லிக்குடுங்க மொதலாளி. மொதல்ல தண்ணியா, சோடாத்தூளா?"

சட்டைக் கையை மடித்துக்கொண்டு முதலாளி ஒரு தட்டைத் தேய்த்துக் காட்டினார். அக்கா கன்னத்தில் கை வைத்து உன்னிப்பாகப் பார்த்தாள்.

"புரியலையே. இன்னொரு தடவை?"