கொட்டில் பாவனைக்கு வந்த நாள்

அப்பா இறந்து நாற்பத்தொரு மணித்தியாலம் ஆகியிருந்தது. தர்மிகா கதவைத் திறந்தபோது ராஜீவ் அங்கிள் ஒரு கையில் இடியப்பப் பெட்டியைப் பிடித்தபடி, மற்றக் கையால் சப்பாத்து நாடாவை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அப்பாவின் வரிக் கணக்குகளைப் பார்ப்பவர் அவர்.

முன்னறையில் அம்மா கம்பளத்தில் உட்கார்ந்து சோபாவில் முதுகைச் சாய்த்திருந்தாள். புதன்கிழமை பின்னேரத்திலிருந்து அவள் அழவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள். கொடுத்ததைக் குடித்தாள்.

"சூடா இருக்கு, சாப்பிடுங்கோ அக்கா."

"இருங்கோ தம்பி. இவர் புதுக் கொட்டிலுக்கு வரி கழிக்கலாம் எண்டு சொல்லிக்கொண்டு திரிஞ்சவர். அது இனிக் கிடைக்குமோ?"

ராஜீவ் தர்மிகாவைப் பார்த்தார். "இப்ப ஏன் அக்கா அது?"

"சொல்லுங்கோ."

லண்டனில் ரெய்னர்ஸ் லேன் கடையை விற்று, ஆடு வளர்க்க அப்பா எசெக்ஸில் காணி வாங்கியிருந்தார். ஆட்டுக் கொட்டில் போன மாதம்தான் கட்டி முடிந்தது.

"கட்டின செலவில வருசா வருசம் கொஞ்சம் கழிக்கலாம். அண்ணை ஒரு வருசமா என்ர உயிரை எடுத்தவர். ஆட்டுக்குச் சம்பளம் குடுக்கிறதா எழுத ஏலாதோ எண்டு ஒருநாள்..." சிரிக்கத் தொடங்கியவர், தான் சொன்னது காதில் விழுந்ததும் நிறுத்தினார். "ஆனா கட்டி முடிச்சாப் போதாது அக்கா. பாவனைக்கு வந்திருக்க வேணும். அந்தத் தேதியிலயிருந்துதான் கணக்கு. அண்ணை இருக்கேக்க ஆடு உள்ள போகேல்லை எண்டா அவற்ற பேரில போட ஏலாது. போயிருந்தாலும் சில நாள்தானே, சில்லறைக் காசு. விடுங்கோ."

புதுக் கொட்டிலில் பால் காய்ச்சக் கோயில் ஐயர் குறித்துக் கொடுத்த நாள் இன்றைக்கு, வெள்ளிக்கிழமை. அதற்கு முன் ஆடு உள்ளே போகக் கூடாது என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தவள் அம்மா.

போன ஞாயிற்றுக்கிழமை பனியும் மழையும் சேர்ந்து கொட்டின. அப்பா தர்மிகாவுக்கு ஒரு வீடியோ அனுப்பினார். ஒரு கிடாயின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக் கொட்டிலுக்குள் இழுக்கிறார். மற்றவை முட்டிமோதிக்கொண்டு பின்னால் வருகின்றன. "ஒருத்தரிட்டையும் சொல்லிப்போடாதை," என்று மூச்சு வாங்கிச் சிரிக்கிறார். அம்மாவிடம் சொல்லாதே என்றுதான் அவள் எடுத்துக்கொண்டாள்.

புதன்கிழமை அயல் பண்ணைக்காரர் அப்பா விழுந்து கிடக்கக் கண்டது அந்தக் கொட்டிலுக்குள்தான். செய்தி வந்தபோது தொலைபேசியை எடுத்தவள் தர்மிகா. அம்மாவிடம் "காணியில" என்று மட்டும் சொன்னாள்.

நேற்று ஹவுன்ஸ்லோவிலிருந்து வந்த ரஜனி மாமி, கோட்டைக் கழற்ற முதலே கேட்டாள். "மச்சாள், பால் காய்ச்சாமல் அண்ணை ஆட்டை உள்ள விட்டவரோ?"

"இல்லை," என்றாள் அம்மா.

"நான் பயந்திட்டன். அப்பிடி ஏதும் செய்துதான் இப்பிடி வந்ததோ எண்டு."

அப்பாவுக்கு வந்த இரத்தக் குழாய் அடைப்புக்கு நல்ல நாள் கெட்ட நாள் கிடையாது. தர்மிகா உயிரியல் படித்தவள். ஆனால் அதை அம்மாவிடம் சொல்வதற்கு, முதலில் ஆடு உள்ளே போனதைச் சொல்ல வேண்டும். சொன்னால் அம்மா மீதி நாளெல்லாம் அந்த ஞாயிற்றுக்கிழமையையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

"அப்ப பாவிக்கேல்லை எண்டே வைப்பம், என்ன பிள்ளை?" என்றார் ராஜீவ்.

"ஓம் அங்கிள்." குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "ஓம். பாவிக்கேல்லை."

"பாவிச்சது," என்றாள் அம்மா.

தர்மிகா திரும்பினாள். அம்மா கார்டிகன் கையை இழுத்து விரல்களை மூடிக்கொண்டிருந்தாள். கண் ஜன்னல் பக்கம் இருந்தது.

"ஞாயிற்றுக்கிழமை எண்டு போடுங்கோ தம்பி. ஆடு நனைஞ்சு நடுங்குது, என்ன செய்ய எண்டு போன் எடுத்துக் கேட்டவர். நான்தான் உள்ள விடச் சொன்னனான்."